குகைக்குள் கேட்காத சத்தம்

கூட வேலை பார்க்கும் அக்கா வீடு மாறும்போது பழைய கேமரா ஃப்ளாஷ் ஒன்றை எனக்குக் கொடுத்தார். என்னுடையதோ டிஜிட்டல் கேமரா. உடனே மாட்டிப் பார்க்கத் துடித்த என்னைத் தடுத்து, என் கணவர் வில்லாபுரத்தில் யுபிஎஸ் பழுதுபார்க்கும் கடைக்குக் கூட்டிப்போனார்.

கடைக்காரர் ஃப்ளாஷில் பேட்டரி போட்டு, சார்ஜ் ஏறவிட்டார். பிறகு, கேமராவைத் தொடும் அடிப்புள்ளியில் மீட்டரின் ஒரு முனையையும் ஓரத் தகட்டில் இன்னொன்றையும் வைத்தார்.

"இருநூறு வோல்ட்டுக்கு மேல காட்டுதுக்கா. அந்தக் காலத்துக் கேமரா தாங்கும். உங்களுதுல மாட்டுனா உள்ள இருக்கிற போர்டு போயிரும். பேட்டரியக் கழட்டுனாலும் இதுக்குள்ள கரண்ட் நிக்கும், திறந்துராதீங்க."

"அப்ப தூக்கிப் போட வேண்டியதுதானா?" என்றார் கணவர்.

"ஏண்ணே, கேமராவுல மாட்டாமக் கையில வச்சு அடிங்க. பின்னாடி பட்டன் இருக்குல்ல. ரெடி லைட்டுதான் எரியல. கொய்யின்னு சத்தம் வரும். அது ஏறி அடங்குனா சார்ஜ் ஆயிருச்சுன்னு அர்த்தம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மேலூர்ப் பக்கம், அறுப்பு முடிந்த வயல்களுக்கு நடுவே இருந்த பாறைக் குன்றுக்குப் போனோம். அதன் குகை வளைந்து வளைந்து உள்ளே போகும். கொஞ்ச தூரத்திலேயே பகல் மறந்துவிடும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒவ்வொரு ஃப்ளாஷ் வெளிச்சமும் ஒரே படத்தில் சேரும்படி ஷட்டரைத் திறந்தபடி விட்டேன். அவர் ஃப்ளாஷோடு இருட்டுக்குள் நடந்தார்.

முதல் வெளிச்சத்தில் பாறைக் கூரை அலை அலையாக எழுந்தது. மறுகணம் இருள். கண்ணுக்குள் அந்தப் பாறை பச்சையாய் மிதந்து, மெல்லக் கரைந்தது. என் கால் தரையில்தான் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. எங்கோ ஒரு சில்வண்டு போல ஃப்ளாஷின் கீச்சொலி மட்டும் உயர்ந்துகொண்டே போனது.

"சத்தமே வரலையே. செத்துப்போச்சு போல," என்றது அவர் குரல்.

"வருதேங்க. இங்க வரைக்கும் கேக்குது."

ஒலி அடங்கியது. "இப்ப அடிங்க," என்றேன். வெளிச்சம். மறுபடி இருள்.

"இப்பவும் வருதா?"

"வருது."

அடுப்படியிலிருந்து நான் கூப்பிடும்போதெல்லாம் அவர் திரும்பாமல் இருந்ததும், அதற்காக நான் நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததும் நினைவுக்கு வந்தன.

"எம்புட்டு நாளா இப்படி?" என்று உரக்கக் கேட்டேன்.

"ஒரு வருசமாச்சு. எடது காதுதான் ரொம்ப மோசம். முகத்தப் பாத்துச் சொல்ல முடியல, அதான்..."

நான் அழவில்லை. "இப்ப," என்றேன். அவர் அடித்தார். அவர் நகர நகர, ஏழு தடவை நான் அப்படிச் சொன்னேன். படத்தில் குகை முழுவதும் உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் விழுந்திருந்தது. அவர் எங்கேயும் இல்லை.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனோம். மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் அவருக்கு எட்டவில்லை என்றார் டாக்டர். காது மெஷின் பொருத்திக்கொள்ள என் கணவர் ஒரு மாதம் தயங்கினார். பொருத்திய அன்று எங்கள் கோச்சடை வீட்டு ஹாலில் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஃபேன் இம்புட்டுக் கத்துதா? நீ எப்படி இத்தன நாளு தூங்குன?" என்றார்.