ஆட்டுக்குக் கோதுமை

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊரில், ஞாயிற்றுக்கிழமை மதியம் வயதானவர்கள் மேசையைத் துடைத்துவிட்டு, ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து விளையாட உட்காருகிறார்கள். காபி உண்டு, கேக் உண்டு, பந்தயம் கிடையாது. வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவே இல்லை. எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கம் அறுபது வயதுக்காரர் விளையாட உட்கார்ந்தால் அது சீட்டு. சீட்டு என்றால் வீட்டில் சண்டை. என் கீழ்வீட்டு இங்க்ரிட்டும் அவர் கணவர் ஊவேயும் நாள் குறித்து, மூன்று மணிக்கு வா என்பார்கள். நானும் சரியாக மூன்றுக்கு மணியடிப்பேன்.

அவர்கள் சொல்லிக்கொடுத்தது, விளையாட்டு தெரியாதவர்களும் சீக்கிரம் பழகிக்கொள்ளக்கூடிய ஒன்று. அறுகோண வில்லைகளைச் சேர்த்து ஒரு தீவு. ஒவ்வொரு வில்லையும் ஒரு நிலம்: மரம், களிமண், மேய்ச்சல், கோதுமை, மலை. இரண்டு பகடையும் சேர்ந்து காட்டும் எண்ணுக்குரிய நிலம் விளையும். அதன் ஓரத்தில் வீடு வைத்திருப்பவருக்கு ஆடோ செங்கல்லோ அட்டையாகக் கிடைக்கும். ரோடு போடவும் வீடு கட்டவும் வேண்டியதெல்லாம் ஒருவரிடமே விளையாது. பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு திருடன் பொம்மை. ஏழு விழுந்தால் அதை நகர்த்தி அடுத்தவர் நிலத்தில் வைக்கலாம். வைத்த நிலம் விளையாது.

போன விடுமுறைக்கு அதே பெட்டி ஒன்றை ஊருக்கு வாங்கிப் போனேன். அப்பா, அண்ணன், அண்ணி, நான் என்று நால்வரும் பாயில் உட்கார்ந்தோம். காட்டில் குச்சிக்கிழங்கும் கடலையும் பயிர் போட்டே காலம் தள்ளியவர் அப்பா. ஓர் ஆட்டைக் கொடுத்து ஒரு கோதுமை வாங்குவது எந்தச் சந்தையில் நடக்கிறது என்று அண்ணனைக் கேட்டார். அவருக்கு ஏழு விழுந்தபோதெல்லாம் திருடனைக் கொண்டுபோய், எதுவும் விளையாத பாலை வில்லையிலேயே வைத்தார். யார் நிலத்திலாவது வைத்தால்தான் ஆதாயம் என்று நான் விளக்கிப் பார்த்தேன்.

“உடு சாமி. ஆரு காட்டுலயும் கொண்டுபோயி உக்கார வெக்க வேண்டாம். பொட்டக்காட்டுலயே கெடக்கட்டும்.”

கரண்டு வந்ததும் மோட்டார் போட எழுந்து போனார். ஆட்டம் பாதியில் நின்றது.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்த அப்பா எழவில்லை. ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

“பொட்டில வெச்சிருக்கட்டுமா அம்மிணி? நீ வாரியா?”

குளிர்பெட்டியைச் சொன்னார். என் விசா அட்டை முடிந்து, புதியது இன்னும் வரவில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று திங்கட்கிழமை அலுவலகம் திறந்த பிறகுதான் கேட்க முடியும். அதுவரை அப்பாவைப் பெட்டியில் வைத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“எடுத்துருங்கண்ணா.”

சரி சாமி என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டார். அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்து பாத்திரம் கழுவினேன்.

ஞாயிறு காலை அண்ணி போனில் காட்டினார். பறைச் சத்தம் கேட்டது, மாலைகள் தெரிந்தன, அப்பாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் பெண்கள் பாதி வழியோடு திரும்பிவிடுவார்கள். அவர்கள் நின்ற இடத்தில் படமும் நின்றது.

அன்று கீழ்வீட்டில் ஆட்டம் இருந்தது. வரவில்லை என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு மணியடித்தேன்.

இங்க்ரிட் ஓர் ஆடு கேட்டார், கோதுமை தருவதாகச் சொன்னார். ஆட்டை நீட்டினேன், கோதுமையை வாங்கிக்கொள்ளவில்லை. சும்மா கொடுப்பது விதியில் இல்லை என்றார் ஊவே. எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இவள் ஏதோ பெரிய திட்டம் வைத்திருக்கிறாள், முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை பார் என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

கேக் வெட்டும்போது இங்க்ரிட் அப்பாவை விசாரித்தார். அப்பா கொடுத்தனுப்பிய மஞ்சள்தூள் அவர் சமையலறையில் இருந்தது. அவர்கள் மொழியில் எனக்கு வந்த வாக்கியம், “இன்றைக்கு அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள்” என்பதுதான். நம் ஊரில் இதற்குமேல் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எடுத்தாச்சா என்றால் எதை என்று எவரும் கேட்பதில்லை. இங்க்ரிட் கத்தியைக் கீழே வைத்தார்.

“கிராங்கன்ஹவுஸ்?”

ஆஸ்பத்திரிக்கா என்று கேட்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“யா.”

நல்லது, அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். என் முறை வந்திருந்தது. உருட்டினேன்.

சில நாட்களில் இங்க்ரிட் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பின்னிக்கொண்டு மேலே வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால்தான் முதலில் சில்லிடும், ஊருக்கு அனுப்பு என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அழுவார். அவர் அழுதால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். காலுறை அலமாரியில் இருக்கிறது.

ஊரில் கருமாதி முடிந்துவிட்டது. நடுவீட்டில் அப்பா படத்துக்கு மாலை போட்டாயிற்று என்றார் அண்ணன். விசா அட்டையும் வந்துவிட்டது. எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். லீவு கிடைக்கவில்லை என்கிறேன். டிக்கெட் போடவில்லை என்பதுதான் உண்மை. வேலை முடிந்து படியேறும்போது இங்க்ரிட் கதவைத் திறந்து, அப்பா எழுந்து நடக்கிறாரா என்று கேட்கிறார். மெதுவாக நடக்கிறார் என்கிறேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவர் கதவுக்கும் என் கதவுக்கும் ஒரு மாடிதான். அந்தப் படிகளை ஏறி முடிக்கும்வரை அப்பா நடந்துகொண்டிருக்கிறார்.