பீலியடியில் வாசித்த கடிதங்கள்

தங்கம் தோண்டப் போனவன் நான். ஆப்பிரிக்கா வரைக்கும் போய் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துக்கு வெறுங்கையோடு திரும்பி வந்த மடையன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. அதைவிடப் பெரிய பாவம் ஒன்றைச் செய்திருக்கிறேன்.

சுரங்க வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் விமானத்தில் போய் ஒரு துறைமுகப் பட்டினத்தில் இறங்கினோம். அங்கிருந்து சுரங்கத்துக்குச் சரக்குப் படகில் ஆறு நாள். சிமெந்து மூட்டைகளின் மேல் படுத்துக் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன். படகின் அடியில் எந்நேரமும் தண்ணீர் ஊறியது. தகரப் பேணியால் நாங்களே மாறி மாறி இறைத்தோம்.

போய்ச் சேர்ந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். தாளில் கடிதம் எழுதிக் கொடுத்தால், எங்களை மேய்த்த கங்காணி டவுனுக்குப் போகும்போது அதைப் படம் பிடித்து அம்மாவின் போனுக்கு அனுப்புவான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் மலைத்தண்ணீர் விழும் பீலியடிக்குப் போனைக் கொண்டுபோவாள். குடத்தோடு நிற்கும் படித்த பிள்ளை யாராவது உரக்க வாசிக்கும், எல்லாரும் கேட்பார்கள். எங்கள் லயத்தில் யார் வீட்டுக் கடிதமும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாதா? "சொகுசா இருக்கேன். வந்த கப்பல்லயே மூணு வேளையும் சோறு" என்று எழுதினேன். குழி சரிந்து பக்கத்தில் நின்றவன் புதைந்த வாரத்திலும் சொகுசு என்றுதான் எழுதினேன்.

அக்காவின் புருஷனுக்கும் எழுத்துத் தெரியாது. ஒருநாள் அம்மாவின் போனில் பேசி அனுப்பியிருந்ததைக் கங்காணி எனக்குப் போட்டுக் காட்டினான்: "மாப்ள, நானும் வரட்டுமா? உள்ளத சொல்லு. ஒன்னையத்தான் நம்பியிருக்கேன்."

பேனாவை எடுத்தேன். 'வராதீங்க' என்று எழுதினால் அதையும் பீலியடியில்தானே வாசிப்பார்கள்? மாலை போட்டு மாத்தளை பஸ்ஸில் ஏற்றிவிட்ட சனம் என்ன சொல்லும்? த்தூ, அதெல்லாம் ஒரு மானமா! "வாங்க மச்சான்" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவரையும் அதே படகில்தான் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மூழ்கிவிட்டதாம். உடல் கிடைக்கவில்லை. அக்காவிடம் கொடுக்க அவருடைய சட்டைகூட இல்லை.

ஊருக்கு வந்த அன்றே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருக்கலாம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"வராதீங்கன்னு எழுதியிருந்தா பீலியில நாலு பேரு ஒன்னையப் பாத்து சிரிச்சிருப்பாங்க. அவ்வளவுதானே தம்பி?"

"அவ்வளவுதான்க்கா" என்றேன்.