அம்மன் காலடியில் நான் வைத்த மருந்துக் குப்பி

ஒருத்தி அழிந்து போக வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் நான் நம் மகமாயியின் சன்னிதிக்குப் போனேன். இதை மறைத்துவிட்டுச் சாட்சி சொன்னால் தாய் என் நாக்கைச் சும்மா விட மாட்டாள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் கஸ்தூரி. ஊர் ஆரணிப் பக்கம். கல்யாணமாகிப் புனே ஹடப்சருக்கு வந்தவள். என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே அடுப்பு, ஒரே ஃபிரிட்ஜ். 2007 தை மாதம் என் இடது மார்பில் கட்டி தெரிந்தது. புற்றுநோய் என்றார்கள். பங்குனியில் மார்பை எடுத்தார்கள். அடுத்து ஏற்றிய மருந்தில் தலைமுடி மொத்தமும் கொட்டியது. என் இரண்டு பெண்களும் என்னைப் பார்த்து அழக்கூடப் பயந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மத்தியானம், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் ஓரகத்தி சரோஜா, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, சமையலறையில் நின்று ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களிடம் போன் பேசினாள்.

"எங்க கொழுந்தனுக்கு நாப்பதுகூட ஆவல. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா யாரு பாக்கறது? உங்க வசந்தாவ வேற எடத்துல குடுத்துடாதீங்க."

நான் உயிரோடு படுத்திருக்கிறேன். பக்கத்து அறையில் என் இடத்துக்குப் பெண் பார்க்கிறாள்! எழுந்து போய் அவள் கொண்டையைப் பிடித்து உலுக்க எனக்குத் தெம்பு இல்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். என்றைக்காவது இவளைத் தலைகுனிய வைக்காமல் சாக மாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்தேன். நிஜமாகச் சொல்கிறேன், அந்த ஆத்திரம்தான் எனக்குக் கஞ்சியை இறக்கியது.

ஆடி பிறந்தபோது டாக்டர் ஒரு நல்ல செய்தி சொன்னார். என் கட்டி எந்த வகை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வகைக்கென்றே ஆன்டிபாடி மருந்து ஒன்று இருக்கிறதாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருடம், டிரிப்பில் ஏற்ற வேண்டும். முதலில் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்து, தாங்கும் என்று உறுதி செய்துகொண்டார். கணவரின் கம்பெனி மெடிக்கல் பிரிவில் மருந்தைக் கொடுப்பார்கள். ஊசி போடும் நாள் வரை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், வெளியிலும் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள் என்று மெடிக்கலில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தெர்மோகோல் டப்பாவோடு மருந்து வந்தது. அடுத்த நாள் ஊசி. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தேன், மூடினேன். இந்த ஃபிரிட்ஜை நாள் முழுக்கத் திறந்து மூடுகிறவள் யார்? வசந்தாவுக்கு வழி பார்க்கிறவள் அல்லவா! ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தால் யாருக்குத் தெரியும்? என் உயிரை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பேனா? டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நம் அம்மன் கோயிலுக்கு நடந்தேன்.

அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. எதிர்வீட்டுப் பொள்ளாச்சிக்காரி சொல்லித் தந்தது. அநியாயம் செய்தவரை நினைத்துக்கொண்டு மிளகாயை அரைத்து அம்மன் மேல் பூச வேண்டும். தாய்க்கு எரியும். எரிச்சல் தாங்காமல் அவள் எழுந்து வந்து நியாயம் கேட்பாள். நியாயம் கிடைத்ததும் நாமே திரும்பப் போய் அவளைக் குளிர்விக்க வேண்டும்.

கோயில் அம்மியில் அரைத்தேன். அறுவை செய்த பக்கத்துக் கை வலியில் துடித்தது. விடவில்லை. பூசாரி தடுத்தும் கேளாமல் பூசினேன். "தாயே, என்னைச் சாகடிக்கப் பார்க்கிறவர் யார் என்று எல்லார் எதிரிலும் காட்டு. அவர் தலை குனிய வேண்டும். அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று வேண்டினேன். டப்பாவின் மேல் குங்குமம் வைத்து, அவள் காலடியில், விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று எனக்கு அத்தனை நம்பிக்கை.

சனிக்கிழமை கணவருக்கு முதல் ஷிப்ட். துணைக்கு வந்தது சரோஜாதான். போகும் வழியில் ரிக்ஷாவைக் கோயிலில் நிறுத்தி டப்பாவை எடுத்துக்கொண்டேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஊசி போடும் வார்டில் இருந்த சிஸ்டர் நாகர்கோவில்காரர். டப்பாவைத் திறந்து தொட்டுப் பார்த்தார். உள்ளே இருந்த ஐஸ் எல்லாம் தண்ணீராகிக் கிடந்தது.

"எங்க வச்சிருந்தீங்கம்மா?"

"ஃபிரிட்ஜுலதான்" என்றேன்.

"பொய் சொல்றா சிஸ்டர்" என்றாள் சரோஜா. "நேத்து சாயந்திரம் கோயில்ல இந்த டப்பாவப் பாத்தேன். சும்மா காலி டப்பாவ வச்சிப் படைக்கிறான்னு நெனச்சேன். மருந்தும் அதுலயேவா இருந்துச்சி? வெளக்கு வேற பக்கத்துலயே எரிஞ்சிது. இத ஏத்தாதீங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. என் காது இரண்டும் பற்றி எரிந்தன.

சிஸ்டர் குப்பியைத் தனியாக எடுத்து வைத்தார். "இது முட்டை வெள்ளைக்கரு மாதிரிம்மா. சூடு பட்டாலும் கெட்டுப்போகும், உறைஞ்சாலும் கெட்டுப்போகும். ரெண்டு டிகிரியிலிருந்து எட்டுக்குள்ள இருக்கணும். பாக்க அப்படியேதான் இருக்கும், ஆனா வேலை செய்யாது. எவ்வளவு நேரம் வெளிய கிடந்ததுன்னு தெரியாத மருந்த நான் உங்க உடம்புல ஏத்த மாட்டேன்."

வேறு குப்பி வேண்டுமென்றால் முதல் குப்பி எப்படிக் கெட்டது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். சரோஜா புனேயிலேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவள்தான் ஹிந்தியில் எழுதினாள்.

"யாரு கெடுத்தான்னு போடறது?"

"நானேதான்னு போடு" என்றேன்.

கையெழுத்துப் போடக் குனிந்தேன். அப்போதுதான் உறைத்தது. என்னைச் சாகடிக்கப் பார்த்தவரைக் காட்டு என்று கேட்டேன். காட்டிவிட்டாள். தலை குனிய வேண்டும் என்றேன். குனிந்திருப்பது என் தலை. ஒரு வார்த்தை பிசகாமல் கொடுத்துவிட்டாள் மகமாயி!

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. "ஊருக்குப் போன் பண்ணி வசந்தாவக் கேட்டியே, அது?" என்றேன்.

அவள் அசரவில்லை. "கேட்டேன். இப்ப யாரு இல்லன்னா? நீ செத்துட்டா அதுங்க ரெண்டுக்கும் யாரு தல வாருவா? நான் காலைல மகர்பட்டாவுல நாலு வீட்டுக்குச் சமைக்கப் போறவ. நீதான் சாவலையே. வுடு."

மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

அடுத்த வாரம் புதுக் குப்பி வந்தது. முதல் தடவை என்பதால் மெதுவாக ஒன்றரை மணி நேரம் ஏற்றினார்கள். குளிரோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். பாதியில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. முன்பு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஒரு பொய்யில் பட்டது போதும் என்று வாய்விட்டுக் கத்தினேன். சிஸ்டர் ஓடி வந்து டிரிப்பை நிறுத்தி, மருந்து கொடுத்து, நடுக்கம் நின்ற பிறகு இன்னும் மெதுவாக ஏற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலும் மோரும் குடம் குடமாக ஊற்றி அம்மனைக் குளிர்வித்தேன். குளிர்ச்சியில் இருக்க வேண்டிய மருந்தை, நானே எரிய வைத்த தாயின் காலடியில் வைத்தேனே என்று அழுதேன்.

அதற்குப் பிறகு மருந்துக்கென்று ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஓர் எவர்சில்வர் டப்பா வந்தது. வைத்தவள் சரோஜா. பிள்ளைகள் அந்தப் பக்கம் கை நீட்டினால் அடி விழும். பதினேழு தடவையும் தெர்மோகோல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு ரிக்ஷாவில் வந்தாள். நடுவில் எக்கோ எடுக்க வேண்டிய நாளை நான் மறந்தாலும் அவள் மறக்கவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. கட்டி திரும்ப வரவில்லை. நான் முன்னைப் போல யாரையும் சபிப்பதில்லை. சபிக்கும் முன் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

என்னைப் போல நோயில் விழுந்திருக்கும் சகோதரிகளே, தாயை நம்புங்கள், கைவிட மாட்டாள். மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து அவள் காலடியில் வையுங்கள். மருந்து ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். சிஸ்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நியாயம் கேட்பதானால் தாராளமாகக் கேளுங்கள், அவள் விரல் யார் பக்கம் நீண்டாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக வாருங்கள்.

கடைசி ஊசி போட்டு வந்த அன்று சரோஜாவிடம் சொன்னேன். "என்னைக் கொல்ல உனக்குப் பதினேழு தடவ சான்ஸ் இருந்துதுக்கா. விட்டுட்ட."

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "பதினெட்டாவது எப்போ?"

அம்மா மகமாயி, இவளையும் என்னையும் நூறு வயது வரை இதே வீட்டில் வாழ வை. நான் கேட்ட பழி எனக்கு அதுவே போதும்.