மார்க் பிரித்த பெஞ்சு

வறுத்த நெத்திலியின் வாசனை மூன்றாவது பீரியடிலேயே மூக்கைத் துளைக்க ஆரம்பித்துவிடும்; குருசுக்குப்பத்திலிருந்து வருகிற மெர்சியின் டிபன் பாக்ஸ் மூடி சரியாக மூடாது, மத்தியான மணி எப்போது அடிக்கும் என்று அவளும் நானும் ஒரே பெஞ்சில் நெளிந்துகொண்டிருப்போம். புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் அப்போது நாங்கள் எட்டாவது.

ஒவ்வொரு தேர்வும் முடிந்ததும் எங்கள் வகுப்பில் "இடம் மாத்துறது" என்று ஒரு கூத்து நடக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லாரும் சுவரோரம் நிற்க, கணக்கு மிஸ் மார்க் வரிசைப்படி பெயர் கூப்பிடக் கூப்பிட, முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தியாகப் போய் உட்கார வேண்டும். சந்தையில் மீனைத் தரம் பிரிக்கிற மாதிரி பிள்ளைகளைப் பிரிப்பதற்குப் பெயர் ஊக்கமாம்! "அப்பதான் ரோஷம் வரும்" என்பார் மிஸ். வீட்டிலும் அம்மாவுக்கு அதே பாட்டுத்தான்: "அவகூட என்னடி குலாவல்? நாளைக்கு அவதான் உன்னை முந்திக்கினு போவப்போறா."

எங்களுக்கு முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். மற்ற பாடங்களில் ஒட்டியே வரும் எங்கள் மார்க், கணக்குத் தாளின் கடைசியில் வரும் ஜியாமெட்ரி கேள்வியில்தான் பிரியும். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் மெர்சிதான் யோசனை சொன்னாள்: "ரெண்டு பேருமே அத எழுதாம வுட்டுடலாம்டி. சத்தியமா?" சத்தியம் செய்தோம். பரீட்சையில் நான் காம்பஸை டப்பாவிலிருந்து எடுக்கவே இல்லை.

இடம் மாற்றிய அன்று மெர்சியை முதல் பெஞ்சுக்குக் கூப்பிட்டார்கள், என்னை ஐந்தாவதுக்கு. வெராந்தாவில் போய்ப் பிடித்தேன். "ஃபர்ஸ்ட் பெஞ்ச் வரலன்னா வூட்டுக்கே வராதன்னு எங்கப்பா சொல்லிட்டாருடி. கேள்வியப் பாத்ததும் பயத்துல எழுதிட்டேன்" என்று தேம்பினாள். "போடி!" என்று வந்துவிட்டேன்.

அவள் மேல் வந்த கோபம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஆனால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் முதல் பெஞ்சுப் பிள்ளைகளோடுதான் சாப்பிடுவார்கள், வீட்டுக்கும் அவர்களோடுதான் போவார்கள். அதற்கப்புறம் எந்தத் தேர்விலும் எங்கள் மார்க் ஒட்டி வரவில்லை; பத்தாவது வரை ஒரே வகுப்பில் இருந்தும் நாங்கள் மறுபடி அடுத்தடுத்து உட்காரவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது என் மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளியில் பெஞ்சும் இல்லை, இடம் மாற்றுவதும் இல்லை. ஆளுக்கொரு மேஜை, மார்க் வரிசை சாயங்காலத்துக்குள் பெற்றோர் எல்லாருடைய போனுக்கும் வந்துவிடுகிறது. போன வாரம் அந்த வரிசையில் இவளுக்கு மேலேயே எப்போதும் இருக்கிற பெண்ணைக் காட்டி, "உன் ஃப்ரெண்டா?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்வி கேட்டுவிட்ட மாதிரி பார்த்தாள்.

"அவ எப்டிம்மா ஃப்ரெண்டா இருப்பா? அவளத்தான நான் முந்தணும்?"

அம்மாவும் மிஸ்ஸும் எங்களுக்குத் தினம் தினம் ஓதியும் ஏறாதது, இவளுக்கு யாரும் சொல்லாமலே ஏறியிருக்கிறது. சேர்ந்து ஒரு கேள்வியை விட்டுவிடலாம் என்று சத்தியம் செய்ய அந்த வகுப்பில் அவளுக்கு ஒருத்திகூட இல்லை.