கோஜிமாச்சி சரிவில் குரோசே பிரபு

அந்தக் காலத்தில், ஜப்பானின் வடக்கு மலைநாட்டில் குரோசே பிரபுவின் பல்லக்கு கிளம்பினால், முன்னால் ஓடி "கீழே! கீழே!" என்று கத்துகிறவன் நான்தான். அந்தக் குரல் கேட்டதும் வழியில் நிற்பவன் மண்டியிட்டு, கையூன்றி, நெற்றியால் மண்ணைத் தொட வேண்டும். என் தொண்டைக்கு மூன்று ஊர் படுக்கும். படிப்பு? பெயர் எழுதுவேன், அவ்வளவுதான். இன்று நாற்பது ரிக்ஷாவுக்கு முதலாளி.

காலம் மாறியது. பிரபு தன் நாட்டைப் பேரரசரிடம் ஒப்படைத்தார். குடுமியை வெட்டினார். மண்டியிடும் வழக்கத்தையும் அவரே நிறுத்தினார். கோட்டு போட்டு, வெளிநாட்டாரோடு ஒப்பந்தம் பேசும் பெரிய அதிகாரியானார். தலைநகர் டோக்கியோவில் அவருக்கு ரிக்ஷா இழுத்தவனும் நான்தான்.

பிளம் பூத்த மாதம் அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'நாட்டை விற்கிறாய். சரிவில் உன் கதையை முடிப்போம்.' மறுநாள், நாங்கள் தினமும் போகும் கோஜிமாச்சி சரிவின் வளைவில் இவாதாதே நின்றான். தலைமுறை தலைமுறையாகப் பிரபுவுக்கு வாள் ஏந்திய குடும்பம். இரண்டு கையும் அங்கியின் கைக்குள் இருந்தன.

"எசமான், வேற வழியா போயிரலாம்."

"வழிய மாத்தினா பயந்துட்டான்னு பேசுவாங்க. இழு, கன்பேய்."

"எனக்குப் பயமா இருக்கே!"

"உனக்கு மட்டுமா?"

மூன்று நாள் அவன் சும்மா நின்றான். நான்காம் நாள் தூறல். சுவரை விட்டு நடுத்தெருவுக்கு வந்தான். திரும்பினால் வண்டி கவிழும். நின்றால் வெட்டு விழும். பத்தடி தூரத்தில் அவன் அங்கிக்குள்ளிருந்து இரும்பு எட்டிப்பார்த்தது.

யோசித்துச் செய்தேன் என்று பெருமையடிக்கலாம். இல்லை. அடிவயிற்றிலிருந்து தானாக வந்தது.

"கீழே! கீழே!"

இவாதாதே முழங்காலை மடக்கவில்லை; அது மடிந்தது. கை இரண்டும் சேற்றில் ஊன்றின. குத்துவாள் சறுக்கி வந்து என் வைக்கோல் செருப்பில் இடித்தது. அவன் நெற்றி மண்ணில்.

பிரபு இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

"எந்திரி, இவாதாதே. அந்த வழக்கத்தத்தான் நான் நிறுத்திட்டேன்ல."

"எந்திரிச்சா உங்கள வெட்டணும், எசமான்," என்றான் மண்ணைப் பார்த்தபடியே.

பிரபு தொப்பியை மாட்டிக்கொண்டார். "அப்ப அப்படியே இரு," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். குத்துவாளைச் சாக்கடையில் தள்ளிவிட்டு ஓடினேன். முதுகு முழுக்கக் கூசியது.

மறுநாள் வளைவு காலி. நிற்பவனுக்கு நாலு நாள் பயந்தேன். நிற்காதவனுக்குப் பதினோரு வருஷம் பயந்தேன். பிரபு மெத்தையில், வயதாகித்தான் செத்தார். நெற்றி மண்ணில் பட அவர் சமாதி முன் விழுந்து வணங்கிய பிறகுதான் என் கழுத்து திரும்பிப் பார்ப்பதை விட்டது.