பவனி வாசலைத் தாண்டுவதற்குள்

பெரியப்பா கிளம்பிப் போனது ஜூன் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, அந்தோனியார் திருநாளன்று. ஏசி மெக்கானிக், வெளிநாட்டில் ஒரு வருட ஒப்பந்தம். கோயிலுக்குள் பவனிக்காக அந்தோனியார் சுரூபத்தைத் தூக்க ஆட்கள் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் கேட்டருகே டாக்சியில் பையை ஏற்றியபடி பெரியம்மாவிடம் சொன்னார்: "பெட்டிக்காரி, அடுத்த திருநாளுக்குப் பவனி இந்த வாசலைத் தாண்டறதுக்குள்ள வந்துடுவேன். இங்கயே நில்லு."

பெரியம்மா சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி போடுகிறவள். பெட்டிக்காரி என்பது கல்யாணமான புதிதில் அவர் வைத்த பட்டப்பெயர். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சொன்ன திருநாளுக்கு அவர் வரவில்லை. இரண்டாம் வருடத்தோடு போனும் நின்றது. பெரியம்மா அசரவில்லை. கோயில் பீடத் துணிகளையும் அந்தோனியாரின் அங்கியையும் கடை முடிந்ததும் அவளே தேய்த்துக் கொடுப்பாள். "அந்தோனியார் காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தர்றவர். என் சாவிக்கொத்தையே மூணு தடவை கொடுத்திருக்கார். ஒரு முழு ஆளையா தவறவிடுவார்?"

ஒவ்வொரு ஜூன் பதின்மூன்றும் கடைக்கு விடுப்பு. எல்லோரும் மெழுகுவர்த்தியோடு பவனியில் போக, அவள் மட்டும் வாசலின் வலப்பக்கத் தூணருகே நிற்பாள்.

"என்னக்கா, வாட்ச்மேன் வேலையா?" என்பார்கள் பெண்கள்.

"ஆமா. சம்பளம் மோட்சத்துல."

ஆறு வருடம் முன்பு எதிர்த் தூணில் நேரலைக்காகக் கேமரா மாட்டினார்கள். அன்றிலிருந்து படத்தின் ஓரத்தில் ஒவ்வொரு திருநாளும் பெரியம்மா இருந்தாள்.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் போன ஏப்ரலில் நான் திரும்பினேன். சும்மாதானே இருக்கிறாய் என்று நேரலையையும் எங்கள் கோயில் பங்கின் முகநூல் பக்கத்தையும் என் தலையில் கட்டினார்கள். அந்த வருடம்தான் திருநாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். வேலை நாளில் கூட்டமில்லை, நேரலைக்கும் ஆளில்லை என்றார் பங்குப் பேரவைச் செயலாளர். பெரியம்மா தேய்த்த அங்கியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் முன் போய் நின்றாள்.

"பதிமூணுதான்னு நினைச்சு வந்தா? பூட்டியிருந்தா என்ன நினைப்பார்?"

"யாரு, அந்தோனியாரா?"

"எங்க வீட்டுக்காரர்."

செயலாளர் சிரிப்பை விழுங்கினார். "சரிம்மா, பதிமூணு சாயங்காலம் நானே கேட்டைத் திறந்து வைக்கறேன். மணியும் அடிக்கறேன். போதுமா?"

அவளுக்குப் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, ஒரு சுருக்கமும் இல்லாத அங்கியை இன்னொரு முறை தேய்த்தாள்.

பதின்மூன்று மறுபடி வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு நான் போனபோது கேட்டில் பூட்டு தொங்கியது. பெரியம்மா வெளியே, சாக்கடை மூடிமேல் நின்றிருந்தாள். செயலாளருக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில் இருந்தது.

"அடடா, மறந்தே போச்சு. மேடைக்கு லைட் பாக்க வந்துட்டேன். ஞாயித்துக்கிழமைதானே திருநாள், இன்னைக்கு யாரு வரப்போறா?"

பெரியம்மா கேட்டுவிட்டாள். ஆறரை வரை நின்றோம். திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "நாம வர்றதுக்கு முன்னாடியே வந்து பூட்டைப் பாத்துட்டுப் போயிருப்பாரோ?"

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பவனிக்கு அவள் வரவில்லை. நேரலை அவளில்லாமல் போனது. தேய்க்க வேண்டிய பீடத் துணிகளோடு ஆள் வந்தபோது, "பூட்டினவங்களே தேய்ச்சுக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்திருப்பார் என்பாள். இன்னொரு நாள் நாலரைக்கு. பத்து வருடம் நின்று, பதினோராவது வருடம் தானே அவரைத் தவறவிட்டுவிட்டதாக நம்பினாள். கடையில் இரண்டு சட்டைகளைப் பொசுக்கினாள். முன்பு ஒன்றைக்கூட அவள் பொசுக்கியதில்லை.

பிப்ரவரியில் பங்கின் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. பெயருக்குப் பதில் ஏதோ எண்கள், முகத்துக்குப் பதில் ஒரு ஏசியின் படம்.

"வருஷா வருஷம் உங்க நேரலையைப் பாக்கறேன். பவனி அருமை. போன தடவை வாசல் தூண்கிட்ட பெட்டிக்காரியைக் காணோமே. உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நான் விசாரிச்சேன்னு அவகிட்ட சொல்ல வேண்டாம்."