நான் எடுத்துக்கொண்ட எண்

தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்துக்கு நான் பொறுப்பாளன். வளாகம் முழுவதற்கும் இணைய இணைப்பு ஒன்றுதான். ஒருவர் கணினி வழியாக வெளிநாட்டுக்குப் பேச உட்கார்ந்தால் மற்றவர்களின் மின்னஞ்சல் நகராது. இணையத்தில் தொலைபேசுவது அப்போது சட்டப்படியும் தவறு. ஆகவே பேசும் மென்பொருளை யாரும் பயன்படுத்தக் கூடாது, மீறினால் கணக்கு மூடப்படும் என்று விதி வந்தது. அதை எழுதியவன் நான்.

மீறியவனும் நான்தான். அமெரிக்காவில் என் மகள் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஊர் ஊராகச் சுற்றும் வேலை. மயிலாப்பூரிலிருந்து விடியலில் பஸ் பிடித்து, ஏழு மணிக்கு என் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். "அப்பா, கேக்கறதா?" என்று தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல அவள் குரல் வரும். அரை மணி நேரம் பேசுவோம்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் நெட்வொர்க் எண்ணை நாங்களே கையால் கொடுப்போம். எந்த எண் எந்த மேசைக்கு என்று எழுதிய நோட்டு என்னிடம் இருந்தது. எந்த எண்ணிலிருந்து பேச்சு போகிறது என்று கணினி குறித்துவைக்கும் பதிவில் என் அறை தெரியக் கூடாதென்று, காலையில் அணைந்து கிடக்கும் வேறொரு கணினியின் எண்ணை என்னுடையதற்குப் போட்டுக்கொண்டேன். பேசி முடித்ததும் மாற்றிவிடுவேன். அந்தக் கணினி ராயப்பேட்டையிலிருந்து வரும் ஓர் ஆராய்ச்சி மாணவியுடையது. அறைச் சாவியும் அவளிடம் மட்டும்தான் இருந்தது; கண்டுபிடித்தால் பழி அவள்மேல்தான் விழும். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் எங்கள் டெக்னீஷியன் சொன்னார்: "சார், தெனம் காலீல ஏழு மணிக்கு லைனு அடைச்சிக்கினு கீது. எவனோ மாமியார் வூட்டுக்குக் கதை வுட்டுக்கினு கீறான்." நானும் சேர்ந்து சிரித்தேன். மாலைக்குள் அவர் பதிவுகளை அச்செடுத்து இயக்குநரிடமே கொடுத்துவிட்டார்.

பதிவில் இருந்த எண்ணை வைத்து மாணவியின் கணினியைச் சோதித்தார்கள். அதில் பேசும் மென்பொருள் இருந்தது. இயக்குநர் அறையில் அவள் நின்றுகொண்டே பதில் சொன்னாள்.

"ஒரு தடவ பேசினேன் சார். மஸ்கட்ல இருக்குற அண்ணன்கிட்ட, ஒரு மத்தியானம். அத மறைக்கல. ஆனா காலைல ஏழு மணிக்கு நான் வீட்லதான் இருப்பேன்."

"மாட்டிக்கிட்ட எல்லாருமே ஒரு தடவன்னுதாம்மா சொல்றாங்க" என்றார் இயக்குநர். பிறகு என் பக்கம் திரும்பி, அந்த எண் அவளுடையதுதானா என்று கேட்டார்.

"நோட்டுப்படி அவங்களோடதுதான் சார்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "சார், நீங்களே நல்லா செக் பண்ணிப் பாருங்க சார். உங்களுக்குத் தெரியாததா?" என் திறமையைத்தான் சொன்னாள். நான் நோட்டை மூடி வைத்தேன்.

இயக்குநர் நியாயமான மனிதர். ஒரு வழி சொன்னார். அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்வது, கணக்கை மூடுவது, இரண்டு வாரம் பதிவைக் கவனிப்பது. காலைப் பேச்சு தொடர்ந்தால் ஆள் வேறு; அவளுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கும். நின்றுவிட்டால் அவள்தான்; உதவித்தொகையும் ஆராய்ச்சி இடமும் போகும்.

அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம். யாருக்கும் தெரியாமல் இன்னும் ஒரே ஒரு காலை, இன்னொரு மேசையின் எண்ணில் மகளோடு பேசினால் போதும், அந்த மாணவி தப்பிவிடுவாள்.

ஆனால் இப்போது டெக்னீஷியன் ஆறரை மணிக்கே வந்து காவல் காத்தார். எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று தாழ்வாரத்தில் நடந்து பார்த்தார். அதற்குப் பயந்தேன். விதிகள் கடுமையாகிவிட்டன, இனிப் பேச முடியாது என்று மகளுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். அவளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பதினான்கு காலைகள். தினமும், இன்றைக்குப் பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். தினமும் ஹெட்போன் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

பதினைந்தாம் நாள் இயக்குநர் காலைப் பேச்சே பதிவாகாத அச்சுத்தாள்களை என் முன்னால் தள்ளினார். "நின்னுபோச்சு பாத்தீங்களா?" அவர் குரலில் சந்தோஷமில்லை. வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று அவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அவளை நீக்கும் உத்தரவில் அவருக்குக் கீழே என் கையெழுத்தும் தேவைப்பட்டது. கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. போட்டேன்.